கப்பல் பந்தியில் ஓர் இடம்

முதல் முறையாகக் கப்பலில் போகிறவர்கள் கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. தயிர் கிடைக்குமா என்று கேட்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு போட்டே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்வதுதான் அப்போது என் பிழைப்பு. அல்சூர் ஏரிக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் டிராவல்ஸ் இருந்தது. 2004-ல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று ராத்திரி உல்லாசக் கப்பலுக்குப் பெங்களூரிலிருந்து ஆட்களைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். டிக்கெட்டும் விசாவும் முதலாளியின் பாடு. யார் என்ன சாப்பிடுவார்கள், எந்த ராத்திரிக்கு எதை உடுத்துவார்கள் என்பதெல்லாம் இந்த சிந்துவின் தலையில்.

என்னைப் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. சந்தாபுராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் ரைஸ் குக்கரைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தது. கப்பல் அறைக்குள் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது என்று தொண்டை வறள விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இது சின்னதுதாம்மா" என்றார்கள். மனை விற்கும் கோவிந்தப்பா என்பவர், கடைசி ராத்திரி விருந்துக்குப் பட்டு வேட்டி கட்டி வரலாமா என்றார். தாராளமாக வரலாம், மேலே வெறும் அங்கவஸ்திரம் மட்டும் போதாது, சட்டையும் வேண்டும் என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்தக் கடைசி ராத்திரி விருந்துதான் எல்லோருக்கும் பயம். மற்ற வேளைகளில் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொண்டு, தோன்றிய இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். கடைசி ராத்திரி அப்படி இல்லை. ஆண்கள் கோட்டு, பெண்கள் பட்டு, மேசைக்கு எட்டுப் பேர். யார் எந்த நாற்காலி என்பது முன்பே முடிவாகிவிடும். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுவார்கள், ஒரே நேரத்தில் தட்டை எடுப்பார்கள். நம் ஊர்ப் பந்தி மாதிரிதான், இலைக்குப் பதில் பீங்கான் தட்டு என்று நான் ஆறுதல் சொல்வேன். பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு முகம் தெளிந்துவிடும். ஒருவருக்கு மட்டும் அது இருண்டது.

அவர் சுந்தரமூர்த்தி. பொம்மனஹள்ளிக்காரர். எந்திரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் தருண், அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கென்று இந்தப் பயணத்தை எடுத்துக் கொடுத்திருந்தான். எங்கள் ஆபீஸுக்கு முதல் நாள் வந்தபோது அவர் வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. கிளம்பும் வரை அது வெளியே வரவில்லை. மனைவி பாகீரதிதான் பேசினார். அவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கால் தேறிவிட்டது, பேச்சு கொஞ்சம் இழுக்கும், கைதான் வரவில்லை என்றார். சுந்தரமூர்த்தி சார் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பாகீரதி அம்மா தனியாக வந்தார். கையில் இரண்டு பை. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த அவல், எலுமிச்சை ஊறுகாய். எதற்கெல்லாம் வெந்நீர் வேண்டாம், எது கெடாது, எதைக் கேபினில் வைத்துப் பிசைய முடியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலைக்கு இது, மதியத்துக்கு இது, ராத்திரிக்கு இது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். கப்பல் சாப்பாட்டு அறையிலேயே இட்லியும் சாதமும் தயிரும் உண்டு, இத்தனை சுமை எதற்கு என்றேன். அவர் பைகளைக் கட்டத் தொடங்கினார். கடைசியில், எழுந்து போகிற நேரத்தில், அந்த விருந்து மேசையில் அவர் பெயரைப் போட வேண்டாம் என்றார். அவருக்கு ராத்திரி விரதம் என்று கப்பல்காரர்களிடம் சொல்லிவிடச் சொன்னார்.

மூன்று ராத்திரியும் விரதமா என்று கேட்டேன். எனக்கு இப்படிச் சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. அம்மா, உண்மையைச் சொல்லுங்கள், அதற்கேற்ப ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

உட்கார்ந்து சொன்னார். உடம்பு தேறியதும் ஓசூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பந்தியில் உட்கார்ந்தாயிற்று. வலது கை வராது. வீட்டிலிருந்து எடுத்துப் போன ஸ்பூனை இடது கையில் பிடித்து ஒரு வாய் சாதம் எடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், பாகீரதி அம்மாவின் அண்ணனுக்குச் சம்பந்தி, ஒன்றும் பேசவில்லையாம். பரிமாறிய இலையை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். குழம்பு வழியெல்லாம் சொட்டியதாம். அன்றிலிருந்து சுந்தரமூர்த்தி சார் யார் எதிரிலும் சாப்பிடுவதில்லை. மகன் வந்தால்கூட இல்லை. பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாகீரதி அம்மா ஊட்டிவிடுகிறார். வெளியே யாராவது நடக்கிற சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொண்டுவிடுவாராம்.

"இன்னொரு தடவை ஒருத்தன் இலையைத் தூக்கிக்கினு போனா அவரு உயிரோட இருக்கமாட்டாரும்மா. நீ அந்தப் பந்தியில இல்ல. நான் இருந்தேன்" என்றார்.

முகம் தெரியாத அந்தச் சம்பந்திமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேசை ஏற்பாட்டைக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் திங்கட்கிழமைதான் கப்பலுக்குச் சொல்லியனுப்புவோம், அப்போது அவர் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புளிக்காய்ச்சலில் ஒரு பாட்டிலை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பயணிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு வைப்போம். அதை நடத்தியவர் பெர்னார்ட். காக்ஸ் டவுன்காரர், பல வருஷம் கப்பல்களில் பரிமாறி, முழங்கால் வலி தாங்காமல் கரையேறியவர். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு நான். உள் அறையில் நான் பெண்களை நிற்க வைத்து, முந்தானையைத் தொங்கவிட்டுக் கப்பல் படியில் ஏறாதீர்கள், ஊசி குத்திக்கொள்ளுங்கள், நகையெல்லாம் ஒன்றாக வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு ஊசி எடுக்க வெளியே வந்தபோது கூடத்தில் பெர்னார்ட் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் வெள்ளைத் துணி, தட்டு, கத்தி, முள்கரண்டி. கத்தி வலது கையில், முள்கரண்டி இடது கையில் என்று அவர் செய்து காட்டினார். கோவிந்தப்பாவின் கட்லெட் ஒரு துண்டு பறந்து போய் ஜன்னலில் ஒட்டியது. எல்லோரும் சிரித்தார்கள்.

சுந்தரமூர்த்தி சார் சிரிக்கவில்லை. கடைசி நாற்காலியில், தன் எதிரே தட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவர், எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தார். வாய்க்குப் போகிற கை எது என்று பெர்னார்டைக் கேட்டார்.

"இடது கைதான் சார். கத்தி வெட்டறதோட சரி. வாய்க்கு லெஃப்ட் ஹேண்ட் ஃபோர்க். அங்க அதான் மரியாதை."

"எல்லாருமா?"

"டேபிள்ல இருக்கற எல்லாரும் சார். கேப்டனும் அப்படித்தான்."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பெர்னார்ட் சொன்னார். அதன் பிறகு அவர், கோட்டு எங்கே நன்றாகத் தைப்பார்கள் என்று கேட்டார். பெர்னார்ட் தன் வாடிக்கைத் தையல்காரர் நாகேஷின் கடைக்கு வழி சொன்னார். நான் ஊசியோடு நின்று இதையெல்லாம் கேட்டேன். உள்ளே பாகீரதி அம்மா, எந்தப் பட்டு கப்பலுக்கு எடுக்கும் என்று பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார்.

சுந்தரமூர்த்தி சார் போகும் பிசியோதெரபி கிளினிக் எங்கள் தெருவிலேயே இருந்தது. பொம்மனஹள்ளியிலிருந்து தனியாக பஸ் ஏறி அவர் வந்துபோகும் ஒரே இடம் அதுதான். அந்த வாரத்திலிருந்து கிளினிக் முடிந்ததும் எங்கள் மாடிப்படி ஏறினார். ஆபீஸின் பின் அறையில் பெர்னார்ட் தட்டு வைத்தார். முதலில் பஞ்சு போன்ற இட்லித் துண்டு. முள்கரண்டி அதில் குத்தும், வாய்க்கு வருவதற்குள் விழுந்துவிடும். சட்டையில் சட்னி வடியும். பெர்னார்ட் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். நான் வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் என் டிபன் பாக்ஸ் உப்புமாவில் பாதியை அவர் சிந்தாமல் சாப்பிட்டு முடித்தார். பாக்ஸைத் திருப்பித் தரும்போது, கொஞ்சம் உப்பு அதிகம் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வெட்டுவதுதான் முடியாத காரியமாக இருந்தது. அதற்கு இரண்டு கை வேண்டும். பெர்னார்ட் வெட்டிக் கொடுப்பார், இவர் குத்திச் சாப்பிடுவார்.

பாகீரதி அம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டார். கப்பலில், அந்த விருந்தில், மனைவி எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுவரை அவருக்குத் தெரிய வேண்டாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வந்தது. அந்த மேசையிலிருந்து அவர் பெயரை எடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருப்பது அவருக்குத் தெரியாது. மனைவியின் ரகசியம் ஒரு பக்கம், புருஷன் ரகசியம் ஒரு பக்கம். இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு அலைந்தேன். அவர்களுக்குள் பேசிக்கொண்டால் ஒரு நிமிஷத்தில் தீர்கிற விஷயம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டுகிற வீட்டில் எதை எப்படிப் பேசுவார்கள் என்று யோசித்தபோது என் கோபம் அடங்கிவிட்டது.

கடைசி ஞாயிறு சாயங்காலம் ஒத்திகை விருந்து. ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிளப் ஹாலை எடுத்திருந்தோம். கப்பலில் எப்படியோ அப்படியே உடுத்தி வர வேண்டும், அப்படியே உட்கார வேண்டும். மறுநாள் காலை மேசை ஏற்பாடு கப்பலுக்குப் போய்விடும். சுந்தரமூர்த்தி சாருக்கு பாகீரதி அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை நானே போட்டு வைத்தேன். இன்றைக்கு அவர் சாப்பிடுவதை அம்மா பார்த்துவிட்டால் நாளைக்கு நான் யாருக்கும் வாக்குத் தவற வேண்டியிருக்காது என்பது என் கணக்கு. சாரும் அதற்குச் சம்மதித்திருந்தார். கப்பல் வரை காத்திருக்க அவருக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

பாகீரதி அம்மா முன்னதாகவே வந்துவிட்டார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கையில் ஒரு தூக்கு. சார் எங்கே என்று கேட்டேன். தையல்காரரிடம் கோட்டை வாங்கிக்கொண்டு பெர்னார்ட் சாரோடு வருகிறாராம், போட்டோவுக்குக் கோட்டு வேண்டும் என்று ஆசைப்படுகிறார், இருக்கட்டும் என்றார். அப்போது கோவிந்தப்பாவின் மனைவிக்கு முந்தானை அவிழ, நான் ஊசியோடு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் மேசையில் எட்டு நாற்காலிக்குப் பதில் ஏழு. பரிமாறுகிறவரிடம் சொல்லி ஒரு நாற்காலியையும் தட்டையும் அம்மா எடுக்கச் சொல்லியிருந்தார். பக்கத்துச் சின்ன அறையில், ஒரு ஸ்டூல்மேல் துண்டு விரித்து, தூக்கில் இருந்த தயிர் சாதத்தை எடுத்து வைத்திருந்தார். குழையக் குழையப் பிசைந்த சாதம்.

நாற்காலியைத் திரும்பப் போடச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சார் வந்துவிட்டார்.

கருநீலக் கோட்டு. நாகேஷ் நன்றாகத்தான் தைத்திருந்தார். வலது கை கோட்டுப் பாக்கெட்டுக்குள் இயல்பாக இருந்தது. முடிச்சுப் போட்டே வரும் எலாஸ்டிக் டை. முகம் மழித்துப் பளிச்சென்று, பழைய ஃபோர்மேன் நிமிர்ந்து நடந்து வந்தார். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. தன் மேசைக்கு வந்து, பாகீரதி அம்மாவின் நாற்காலியையும் அதன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார்.

"என் இடம் எங்க?"

பாகீரதி அம்மா எழுந்து வந்து அவர் முழங்கையைத் தொட்டார். உள்ளே வாங்க, சாதம் பிசைந்து வைத்திருக்கிறேன் என்று மெல்லச் சொன்னார். நாற்காலியை யார் எடுத்தது என்று அவர் கேட்டார். நான்தான் என்றார் அம்மா. அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஓசூர்ப் பந்தியில் இலை எழுந்து போனபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அப்போது பார்த்தேன்.

அவர் திரும்பினார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை இடது கையால் பிடித்து இழுத்தார். மரத் தரையில் அது கிரீச்சிட்டுக்கொண்டே வந்தது. உதவப் போன பெர்னார்டின் கையைப் பிடித்து நிறுத்தினேன். மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தார். பெர்னார்ட் தட்டும் கத்தியும் முள்கரண்டியும் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பாடு வந்தது. கட்லெட், மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. முள்கரண்டியை இடது கையில் எடுத்தார். கொஞ்சம் உருளைக்கிழங்கை அள்ளினார். பாகீரதி அம்மா அவர் பின்னால் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கவளம் வாய்க்குப் போயிற்று. நான் மேசையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தேன். யாராவது தட்டை நகர்த்தினால் அவரைக் கப்பலிலிருந்தே இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரும் நகர்த்தவில்லை. கோவிந்தப்பா தன் இடது கை முள்கரண்டியால் ஒரு பட்டாணியைத் துரத்திக்கொண்டிருந்தார். ஹால் முழுக்க இடது கைகள்தான் வாய்க்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாவது வாய். மூன்றாவது. பிறகு கட்லெட்டுக்கு வந்தார். முள்கரண்டியால் அழுத்திப் பார்த்தார், உடையவில்லை. பெர்னார்ட் அடியெடுத்து வைத்தார். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தட்டை மனைவியின் காலி இடத்துக்கு நேராகத் தள்ளினார்.

"உக்காரு பாகீ. வெட்டிக் கொடு. ஊட்ட வேணாம்."

அம்மா உட்கார்ந்தார். கத்தியை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார். வெட்டிய கை, பழக்கத்தில், ஒரு துண்டை விரலால் எடுத்து அவர் வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டது. அங்கே நின்றது. திரும்பி வந்து துண்டைத் தட்டில் வைத்தது. எல்லாம் எப்போது கற்றுக்கொண்டீர்கள், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டார். நான் ஊட்டியது கசந்துபோச்சா என்றும் கேட்டார்.

அவர் அந்தத் துண்டை முள்கரண்டியால் குத்தி வாயில் போட்டார். மென்று விழுங்கிவிட்டு, முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"ஊட்டறவ எப்படிக் கூட உக்காந்து சாப்புடுவே? ரெண்டு வருசமா நான் சாப்ட்டப்புறம் அடுப்பாண்ட நின்னுக்கினு திங்கறே. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் தட்டு ஆறுது பாரு."

பாகீரதி அம்மா கண்ணைத் துடைத்தார். தன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த முள்கரண்டியை வலது கையில் எடுத்தார். பக்கத்தில் சாரின் இடது கையைப் பார்த்தார். முள்கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முதல் வாய் சாப்பிட்டார்.